நூறு வயசு இரும்பும் நாலு கத்தியும்

பழைய மெஷின் என்றாலே நம்ம மக்களுக்கு ரெண்டே ரெண்டு யோசனைதான் வரும். ஒண்ணு, எடைக்குப் போடு. இல்லேன்னா, துடைச்சு பெயிண்ட் அடிச்சு கயிறு கட்டி 'தொடாதீர்கள்' என்று போர்டு வை. மூணாவதா ஒரு வழி இருக்கு: ஓட்டி வேலை வாங்கறது. அந்த மூணாவது கட்சிக்குத்தான் இந்தப் பதிவில் கொடி பிடிக்கப் போகிறேன். நீளமான பதிவு, காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க.

நான் படிப்பது நடு நியூ ஜெர்சியில். நியூ ஜெர்சின்னா உங்களுக்கு எடிசன், ஓக் ட்ரீ ரோடு, தோசை, டர்ன்பைக் டிராஃபிக், அவ்வளவுதானே? இதே மாநிலத்தின் தெற்குப் பாதியில் பைன் பாரன்ஸ் என்று ஒரு பெரிய மணல்காடு இருக்கிறது. ஊசியிலை மரம், டீ டிகாக்‌ஷன் கலர்ல ஓடற ஓடை, சதுப்பு நிலத்தில் வளரும் வெள்ளை சீடர். அந்தக் காட்டு ஓரத்தில் ஒரு சின்ன சா மில். ஓனரும் அவர் மகளும், கூட ஒரே ஒரு ஆள். போன வருஷம் அவங்க ஒரு பழைய இழைப்பு மெஷினை வாங்கிட்டு வந்தாங்க. எங்க டிபார்ட்மெண்ட் நண்பன் ஒருத்தன் மூலமா எனக்கு அங்கே போகும் பழக்கம். (எஃப்-1 விசாக்காரன், வெளியே வேலை கிடையாது. அதனால் நான் பார்த்தது எல்லாம் கையைப் பின்னாடி கட்டிட்டுப் பார்த்ததுதான். கை எப்படிப் பரபரத்ததுன்னு சொல்லி மாளாது.)

ப்ளேனர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஆசாரி கையில் இருக்கும் இழைப்புளியைப் பார்த்திருப்பீர்கள். அது பலகை மேல் ஓடும். இதில் பலகைதான் ஓடும், கத்தி ஒரே இடத்தில் சுத்தும். முன்னாடி பல் வச்ச ஒரு உருளை பலகையைக் கவ்வி உள்ளே இழுக்கும். நடுவில் கத்தி கட்டிய உருளை அசுர வேகத்தில் சுத்தும். பின்னாடி வழவழன்னு இன்னொரு உருளை பலகையை வெளியே தள்ளும். கீழே இருக்கும் மேடையை ஏத்தி இறக்கினால் பலகையின் கனம் மாறும். அவ்வளவுதான் சூத்திரம். ரம்பம் அறுத்த பலகை சொரசொரன்னு, ஒரு ஓரம் தடியா ஒரு ஓரம் மெலிசா இருக்கும். அதை அப்படியே வித்தால் வேலிக்கும் கொட்டாய்க்கும் போகும். காயவச்சு இழைச்சு வித்தால் வீட்டுக்குள்ளே போகும். சின்ன மில்லுக்கு அந்த விலை வித்தியாசம்தான் சோறு. எங்க பெரியப்பா செங்கோட்டையில் ஒரு சா மில்லில் கணக்கு எழுதினவர். "மரத்தை அறுக்கறவன் கூலி வாங்குவான், இழைக்கறவன் லாபம் வாங்குவான்"ன்னு அவர் சொல்லிக் கேட்டிருக்கேன். பைன் பாரன்ஸில் நின்னப்ப அது சட்டுன்னு ஞாபகம் வந்தது.

புது இண்டஸ்ட்ரியல் ப்ளேனர் வாங்கணும்னா, மூணு பேர் மில்லுக்கு அந்த விலை யோசிக்கக்கூட முடியாது. கடையில் கிடைக்கும் சின்ன பெஞ்ச் மாடல் ஒண்ணரை அடி பலகை கேட்டால் முகத்தைத் திருப்பிக்கும். இவங்க வாங்கினது 24 அங்குல அகலம் எடுக்கும். மூடிப்போன ஒரு மர சாமான் பட்டறையின் பின்கட்டில் கிடந்தது, எடைக்குப் போட்டால் வரும் காசுக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்கியிருக்காங்க. வார்ப்பிரும்பு உடம்பிலேயே பெயர் புடைப்பா இருக்கு: ஜே. ஏ. ஃபே அண்ட் ஈகன், சின்சினாட்டி. ஓஹையோ மாநிலத்தில் போட்டியா இருந்த ரெண்டு கம்பெனி 1893ல் ஒண்ணா சேர்ந்து உண்டான பெயர் அது. அந்தக் காலத்து மர மெஷின் உலகத்தில் பெரிய கை. இன்னிக்கு அந்தக் கம்பெனி இல்லை. ஸ்பேர் பார்ட்ஸ், கஸ்டமர் கேர், வாரண்டி எதுவும் கிடையாது. ஆனாலும் மெஷின் எழுந்து உக்காந்துடுச்சு. எப்படின்னு பார்க்கலாம்.

துரு எடுத்தது சுலபம். கழட்ட முடிஞ்ச சின்ன பாகங்களைச் சலவை சோடா கலந்த தண்ணியில் முக்கி, பேட்டரி சார்ஜர் கொடுத்து மின்பகுப்பு. துரு அதுவா உதிர்ந்துடும். மறு முனையில் சும்மா கிடக்கிற எவர்சில்வர் துண்டைத் தொங்கவிடக் கூடாது, விஷமான குரோமியம் தண்ணியில் கலந்துடும். சாதா இரும்புதான். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கும், அதனால் உலர வச்சு சுரண்டுற வேலையே வேணாம். இதெல்லாம் பொறுமை சம்பந்தப்பட்டது, திறமை சம்பந்தப்பட்டது இல்லை.

பேரிங் வேலைதான் கச்சேரி. இந்தக் காலத்து மெஷின்னா பால் பேரிங் நம்பரைப் பார்த்து, கடையில் வாங்கி, தட்டி ஏத்திட்டுப் போயிடலாம். இதில் இருப்பது பாபிட். ஐசக் பாபிட் என்ற அமெரிக்கர் 1839ல் பேட்டண்ட் வாங்கின சமாச்சாரம். ஊர்ல லேத் பட்டறையில் 'ஒயிட் மெட்டல்'னு சொல்வாங்க. நல்ல ரகத்தில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளீயம், மிச்சம் ஆண்டிமனியும் செம்பும். மெத்துன்னு இருக்கிற உலோகம். எஃகுத் தண்டு அதன் மேல் ஒரு எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுத்தும். எண்ணெய் நின்னால் பாபிட் தேயும், தண்டு தப்பிச்சுக்கும். விலை கம்மியான பாகம் தன்னைக் கொடுத்து விலை அதிகமான பாகத்தைக் காப்பாத்தும். இந்த யோசனையை எத்தனை தடவை நினைச்சாலும் எனக்குச் சலிக்கலை.

பழைய பாபிட்டை உருக்கி இறக்கிட்டு (இதிலும் ஈயம் இருக்கலாம், மூச்சு மாஸ்க் கட்டாயம்) புதுசா ஊத்தணும். தண்டை அதன் இடத்தில் நட்டநடுவா, மட்டம் பார்த்து நிறுத்தணும். உலோகம் ஒட்டாம இருக்க மெழுகுவர்த்திப் புகையைக் காட்டித் தண்டில் கரி பிடிக்க வைக்கணும். ரெண்டு பக்கமும் களிமண் மாதிரி ஒரு பசையால் அணை கட்டணும். தண்டையும் கூட்டையும் முதல்லயே சூடாக்கிடணும். இது இளஞ்சூட்டுக்காக மட்டும் இல்லை. எங்காவது ஒரு சொட்டு ஈரம் ஒளிஞ்சிருந்தால், உருகின உலோகம் பட்ட கணமே அது நீராவியா வெடிச்சு முகத்தில் தெறிக்கும். சூடு பதமான்னு பார்க்க உலர்ந்த பைன் குச்சியை உள்ளே விடறாங்க. குச்சி பழுப்பாகிப் புகையணும், தீப்பிடிக்கக் கூடாது. அதிரசப் பாகுக்குத் தண்ணியில் விட்டு உருட்டிப் பார்ப்பாங்களே, அந்த மாதிரி ஒரு பதம். அப்புறம் ஒரே மூச்சில் ஊத்தணும். பாதியில் நிறுத்தினால் மடிப்பு விழுந்து மொத்தமும் வீண்.

ஆறினதும் தண்டில் நீல மை தடவி, வச்சு ஒரு சுத்து சுத்தி எடுத்தால் எங்கே மேடு இருக்கோ அங்கே நீலம் ஒட்டும். அந்த மேட்டைச் சுரண்டியால் சீவணும். திரும்ப மை, திரும்பச் சுத்து, திரும்பச் சீவல். ஓனரின் மகள் ரெண்டு முழு நாள் இதையே செஞ்சாங்க. கடைசியில் மேல் மூடிக்கும் கீழ்க் கூட்டுக்கும் நடுவே மெல்லிய தகடுகள். வருஷக்கணக்கில் ஓடித் தேஞ்சு ஆட்டம் வந்தால், ஒரு தகட்டை உருவிட்டு மூடியை இறுக்கினால் போதும். அதாவது தேய்மானத்தைச் சரி பண்ற வழியை மெஷினைச் செய்யும்போதே உள்ளே வச்சுட்டாங்க!

"இதெல்லாம் எதுக்கு, கூட்டைக் குடைஞ்சு பால் பேரிங் போட்டுட்டா வேலை முடிஞ்சதே?"ன்னு நிறைய பேர் சொல்றாங்க. எனக்கு உடன்பாடு இல்லை. குடைஞ்ச வார்ப்பிரும்பு திரும்பி வராது. நாளைக்கு அந்த சைஸ் பேரிங் கிடைக்கலேன்னா நடுத்தெரு. பாபிட்டை ஒரு கரண்டியும் ஒரு அடுப்பும் இருந்தால் இன்னும் நூறு வருஷம் கழிச்சும் ஊத்தலாம்.

ஆனால் கத்தி உருளை விஷயத்தில் நான் அப்படியே எதிர்க்கட்சி. இந்த மெஷினோடு வந்தது சதுர உருளை. சதுரக் கட்டையின் பக்கங்களில் கத்தியை போல்ட் போட்டு முடுக்கற பழைய பாணி. நிமிடத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம் சுற்று சுத்தும்போது ஒரு பழைய போல்ட் விட்டுக்கொடுத்தால் கத்தி எங்கே போய் நிக்கும்னு சொல்ல முடியாது. கையால் பலகை தள்ளும் ஜாயிண்டர் மெஷின்களில் இதே சதுர உருளை எத்தனையோ ஆசாரிகளின் விரலை வாங்கியிருக்கு. அதனால்தான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலே வட்ட உருளைக்கு மாறிச்சு. 'ஒரிஜினலா இருக்கணும்' கோஷ்டி இதைக் கேட்டதும் பதறும். என் பதில்: மியூசியத்துக்குப் போற மெஷினா இருந்தால் சதுரத்தை வச்சுக்கோங்க. காலையில் ஏழு மணிக்கு ஒரு மனுஷன் பக்கத்தில் நின்னு பலகை தள்ளப்போற மெஷினுக்கு அந்த உருளை ஆகாது. இவங்க லேத் கடையில் புது எஃகில் நாலு கத்தி போடற வட்ட உருளை செஞ்சு மாட்டினாங்க. பழசு செவுத்தில் தொங்குது. பெல்ட்டுக்கெல்லாம் கம்பிவலை மூடி. அதுவும் புதுசுதான், 1900ல் யாரும் போட்டிருக்க மாட்டாங்க. போடாததால்தான் அந்தக் காலத்து மில் போட்டோக்களில் விரல் குறைஞ்ச ஆட்கள் நிக்கறாங்க.

நாலு கத்திக் கணக்கை மட்டும் சொல்லிடறேன், இஞ்சினியரிங் படிக்கிற பாவத்துக்கு. மோட்டார் நிமிடத்துக்கு 1750 சுற்று. மோட்டாரில் 12 அங்குலப் புல்லி, உருளையில் 6 அங்குலப் புல்லி. ஆக உருளைக்கு 3500. நாலு கத்தின்னா நிமிடத்துக்கு 14,000 வெட்டு. பலகை நிமிடத்துக்கு 40 அடி, அதாவது 480 அங்குலம் போனால், அங்குலத்துக்கு ஏறக்குறைய 29 வெட்டு. கையால் தடவினால் பட்டு மாதிரி இருக்கும். ஆனால் ஒரு கத்தி தலைமுடி அளவு தூக்கலா இருந்தால் கடைசிக் கோடு போடறது அது மட்டும்தான். மத்த மூணும் சும்மா உடன் வந்த கூட்டம். 29 என்பது ஏழு சொச்சம் ஆயிடும், பலகையில் அலை அலையா தெரியும். நாலு பேர் ப்ராஜெக்ட் டீமில் இருந்தவங்களுக்கு இது புரியும் :-)

மோட்டார்னு சொன்னேன். இந்த மெஷின் செஞ்சப்ப அதற்கு மோட்டாரே கிடையாது. பட்டை பெல்ட் மட்டும்தான். அந்தப் பக்கம் நீராவி இஞ்சினா, தண்ணிச் சக்கரமான்னு மெஷின் கேட்டதே இல்லை. இவங்க மூணு ஃபேஸ் மோட்டார் வச்சிருக்காங்க. கிராமத்து லைனில் மூணு ஃபேஸ் வராது, அதனால் ஒரு ஃபேஸ் கன்வெர்ட்டர். அதுவும் போச்சுன்னா கொட்டாயில் ஒரு டிராக்டர் நிக்குது, அதில் பெல்ட் மாட்டலாம்.

இப்ப என் நிஜமான சண்டைக்கு வரேன்.

இந்த இழைப்பு மெஷினுக்கும் இன்னிக்கு உங்க போன் பேட்டரியை நீங்களே மாத்தலாமா கூடாதா என்ற விவகாரத்துக்கும் ரத்த சம்பந்தம் இருக்கு. நியூயார்க் மாநிலத்துக்காரர் வில்லியம் வுட்வொர்த், 1828 டிசம்பரில் பலகையை இழைச்சு, ஓரத்தில் நாக்கும் காடியும் வெட்டும் மெஷினுக்கு பேட்டண்ட் வாங்கினார். 14 வருஷம். 1839ல் அவர் இறந்துட்டார். அவர் மகன் 1842ல் ஏழு வருஷம் நீட்டிப்பு வாங்கினார். 1845ல் அமெரிக்க காங்கிரஸ் தனிச் சட்டம் போட்டு இன்னும் ஏழு வருஷம் கொடுத்தது. மொத்தம் 28 வருஷம், 1856 வரைக்கும். வீடு கட்டற தேசத்தில் தரைப்பலகைக்கு ஏகபோகம்! உரிமையை வாங்கி வச்சிருந்தவங்க ஊர் ஊரா கேஸ் போட்டாங்க. அந்தக் காலத்தில் அதிகமா கோர்ட் ஏறின பேட்டண்ட்களில் இதுவும் ஒண்ணு.

அதில் ஒரு கேஸ்தான் எனக்குப் பிடிச்சது. 1850ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வில்சன் எதிர் சிம்சன். முறையா மெஷின் வாங்கினவன், தேஞ்சுபோன கத்தியை எடுத்துட்டுப் புதுக் கத்தி போட்டுக்கலாமா? இல்லை, அது பேட்டண்ட் மெஷினைத் திரும்பச் செஞ்ச குற்றமா? கோர்ட் நேரா மரத்தூசிக்குள்ளே இறங்கிப் பார்த்தது. மெஷின் பல வருஷம் உழைக்கும், கத்தியோ அறுபது தொண்ணூறு நாளில் தேஞ்சுடும். வாங்கினவனும் வித்தவனும் இது தெரிஞ்சுதான் வியாபாரம் பண்ணினாங்க. அதனால் கத்தி மாத்தறது பழுது பார்த்தல்தான், புதுசா செய்யறது இல்லை. தீர்ப்பின் சாரம் இதுதான்.

அந்தத் தீர்ப்பைப் பிடிச்சுட்டு 1961ல் இன்னொரு கேஸ், கன்வெர்ட்டிபிள் கார்களின் துணிக் கூரையைப் பத்தி. கார்க்காரன் கிழிஞ்ச கூரையை மாத்திக்கலாம்னு உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. 2017ல் லெக்ஸ்மார்க் கேஸ். காலியான பிரிண்டர் டோனர் டப்பாவில் திரும்ப மை நிரப்பி விக்கறவங்களை, வித்த பொருள் மேல் பேட்டண்டைக் காட்டித் தடுக்க முடியாதுன்னு அதே கோர்ட். கத்தி, துணி, மை. வேற வேற பொருள், கேள்வி ஒண்ணுதான்: காசு கொடுத்து வாங்கினது யாருடையது?

சரி, ஜெயிச்சாச்சே, அப்புறம் என்ன புலம்பல் என்கிறீர்களா? பேட்டண்ட் வச்சுத் தடுக்க முடியலேன்னதும் வேற பூட்டு கண்டுபிடிச்சுட்டாங்க. ஸ்பேர் பார்ட்டுக்குள்ளே ஒரு சிப். கம்பெனி சாஃப்ட்வேர் 'இவன் நம்ம ஆள்'னு சொன்னால்தான் மெஷின் ஓடும். டிராக்டர் பழுது பார்க்கும் உரிமையை விவசாயிகளிடமிருந்து பறிக்குதுன்னு 2025 ஜனவரியில் அமெரிக்க எஃப்டிசி ஜான் டியர் கம்பெனி மேல் வழக்குப் போட்டது. கலிஃபோர்னியாவில் 2024 ஜூலையிலிருந்து ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. நூறு டாலரும் அதற்கு மேலும் உள்ள மின்னணுச் சாமான்களுக்கு, கடைசியா செஞ்ச தேதியிலிருந்து ஏழு வருஷம் பாகமும் கையேடும் கொடுத்தாகணும். நல்லதுதான். ஆனால் ஏழு வருஷம்! செய்த கம்பெனியே செத்துப்போன ஃபே அண்ட் ஈகனுக்கு யாரும் எதுவும் கொடுக்கலை, ஆனாலும் அது ஓடுது. அதில் மறைக்க எதுவும் இல்லை. எல்லா நட்டும் கண்ணுக்குத் தெரியுது, ஒரு ஸ்பானரும் பொறுமையும் இருந்தால் வாசிச்சுடலாம்.

"அப்ப கரியடுப்புக்கே திரும்பிப் போகச் சொல்றியா?"ன்னு யாராவது கேப்பீங்க. இல்லை. புது மெஷின் சத்தம் கம்மி, தூசி கம்மி, கத்தி மாத்தறது அஞ்சு நிமிஷ வேலை, பத்திரமும் கூட. நாளைக்கு எனக்கு ஃபேக்டரி கொடுத்தால் புதுசுதான் வாங்குவேன். ஆனால் மூணு பேர் மில்லுக்கு இருக்கும் கேள்வி 'புதுசா பழசா' இல்லை. 'பழசா, இழைக்காத பலகையா' என்பதுதான். பழசை எழுப்ப முடியறதால்தான் அவங்க கடை திறந்திருக்கு.

மியூசியக்காரங்க மேல் எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லை. இதே பைன் பாரன்ஸில் டபுள் ட்ரபிள்னு (பேரே அதுதான், நான் வைக்கலை!) ஒரு பழைய கிராமம். சீடர் அறுத்து, காடு அழிஞ்ச சதுப்பில் கிரான்பெரி போட்டுப் பிழைச்ச ஊர். 1964ல் மாநில அரசு வாங்கிப் பூங்கா ஆக்கிச்சு. 1995ல் அங்கே இருக்கிற சா மில்லைப் புதுப்பிச்சாங்க. அழகா இருக்கு, அவசியம் போய்ப் பாருங்க. பே ஏரியா மக்கள் செபாஸ்டபோல் பக்கம் ஸ்டர்ஜன்ஸ் மில்லுக்குப் போகலாம். 1964ல் நின்னுபோன நீராவி சா மில், தன்னார்வலர்கள் எழுப்பி வருஷத்தில் சில வார இறுதிகளில் நிஜமாவே ரெட்வுட் அறுத்துக் காட்டறாங்க. ரெண்டும் ஒரே வருஷம், சும்மா கவனிச்சேன். ஆனால் அந்த மில்லெல்லாம் அறுக்கிற பலகையை வித்துக் கரண்ட் பில் கட்டணும்னு இல்லை. வேடிக்கை பார்க்க வைக்கிற மெஷினுக்கு எண்ணெய் போட ஒரு தலைமுறை ஆர்வலர் வேணும், அவங்களுக்கு வயசாகுது. வேலைக்கு ஓடற மெஷினுக்கு எண்ணெய் போடலேன்னா அன்னிக்கே கல்லாவில் தெரிஞ்சுடும். அதுவே நல்ல காவல்.

நம்ம ஊர் இதில் எவ்வளவு மேல்னு நினைச்சுப்பேன். புதுப்பேட்டையில் ஒரு வண்டியை அக்கக்கா கழட்டி ஆயிரம் வண்டிக்கு உயிர் கொடுக்கறாங்க. கோயமுத்தூர் லேத் பட்டறையில் உடைஞ்ச பல்சக்கரத்தை மேஜையில் வச்சால், "எந்தக் கம்பெனி"ன்னு யாரும் கேக்க மாட்டாங்க, "எத்தனை மணிக்கு வேணும்"னுதான் கேப்பாங்க. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வச்சு மெஷினைக் கும்பிடறவங்களுக்கு அதைத் திறந்து பார்க்க உரிமை உண்டான்னு ஒரு சந்தேகமே வந்ததில்லை. ஆனால் அதுவும் மெதுவா மாறுது. இப்ப வர்ற மோட்டார் பம்ப்பிலேயே போர்டு, பிசின் ஊத்தி மூடினது. இந்திய அரசு 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்கு ஒரு குழு போட்டது. விவசாயக் கருவி, போன், வீட்டுச் சாமான், வண்டி எல்லாம் அதில் வருது. குழுவில் ஒரு லேத் பட்டறை மேஸ்திரியை உக்கார வச்சிருந்தால் எனக்கு நம்பிக்கை இன்னும் கூடியிருக்கும்.

மில்லில் இப்போதைக்குப் பாக்கி இருப்பது ஒரே ஒரு சாமான். உள்ளே இழுக்கும் உருளையைச் சுத்தற பல்சக்கரத்தில் ரெண்டு பல் உடைஞ்சிருக்கு. வெண்கலத்தால் நிரப்பி அரத்தால் ராவிச் சமாளிச்சிருக்காங்க, மெதுவா ஓட்டினால் தாங்குது. புதுசா வார்க்கணும்னா மரத்தில் அச்சு செஞ்சு ஒரு ஃபவுண்டரி தேடணும். சுருக்கத்துக்கு அடிக்கு எட்டில் ஒரு அங்குலம் கூட வச்சு அச்சு செய்யணும்னு ஓனரம்மா கணக்குப் போட்டுட்டு இருக்காங்க. சீடர்லயே செய்யப் போறாங்களாம், அந்த மெஷின்லயே இழைச்சு.

உங்களுக்கு ஒரு வேலை. ஊருக்குப் போறப்ப உங்க தெருமுனை மரவாடியில் இழைப்பு மெஷின் இருந்தால் பக்கத்தில் போய்ப் பாருங்க. எந்த ஊர் வார்ப்பு, என்ன பேர், பால் பேரிங்கா ஒயிட் மெட்டலா, கத்தி உருளை சதுரமா வட்டமா. பின்னூட்டத்தில் எழுதுங்க, ஓனரம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்றேன். சதுரமா இருந்தால் கொஞ்சம் தள்ளியே நின்னு பாருங்க.